‘டிசென்ட்’ என்பதற்கு ‘உடைமைவழி’: ஒரு பரிந்துரை

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் ஊர் வரலாற்று நூல்களில், ஒரு மேனர் (ஒரு பிரபுவின் ஆளுகைக்கு உட்பட்ட நிலவுடைமை) யார் யார் கைக்கு எவ்வாறு வந்தது என்று விவரிப்பதை ‘டிசென்ட்’ என்பார்கள். இதற்கு இங்கே முன்மொழியப்பட்ட ‘வம்சாவளி’ என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. வம்சாவளி மனிதர்க்கு உரியது. இங்கோ நிலைத்து நிற்பது நிலம், வந்து போகிறவர்களே மனிதர்கள்.

வில்ட்ஷயரிலுள்ள லேகாக் மேனரை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். 1086ஆம் ஆண்டின் நிலக் கணக்கெடுப்பான டூம்ஸ்டே ஏட்டில் அது சாலிஸ்பரி எட்வர்டின் பெயரில் இருக்கிறது. அவர் வழிவந்த ஏலா சீமாட்டி, 1232இல் அங்கே தாம் நிறுவிய கன்னியர் மடத்துக்கு அதைக் கொடுத்தார். அதன்பின் முந்நூறு ஆண்டுகள் நிலம் மடத்தினுடையது. அந்தக் காலத்துக்கு வம்சம் என்று எதைச் சொல்வது? 1539இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சி மடத்தைக் கலைத்த பிறகு வில்லியம் ஷாரிங்டன் 783 பவுனுக்கு வாங்கினார். பிரிஸ்டல் நாணயச்சாலையில் செய்த மோசடிக்காக 1549இல் அவர் சொத்துகள் பறிமுதலாயின. மன்னிப்புப் பெற்று, பணம் கட்டி மீட்டார். பிள்ளையில்லாமல் அவர் இறக்கவே தம்பி ஹென்றிக்குப் போயிற்று. ஹென்றியின் மகள் ஆலிவ், ஜான் டால்பட் என்பவரை மணந்ததால் டால்பட் குடும்பத்தைச் சேர்ந்தது. புகைப்படக் கலையின் முன்னோடி ஃபாக்ஸ் டால்பட் 1835இல் எடுத்த சின்னஞ்சிறு நெகட்டிவில் தெரியும் சாளரம், மடமாக இருந்து பின்னர் இக்குடும்பத்தின் வீடாகிவிட்ட கட்டடத்தினுடையதுதான். ஆனால் ‘டால்பட்’ என்னும் அவர் குடும்பப் பெயரோ, சொத்து இருமுறை மகள்வழிப் பேரனுக்குப் போனபோது அப்பேரன்மார் தாய்வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டது. 1944இல் மட்டில்டா டால்பட் எல்லாவற்றையும் மரபுச் சின்னங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குக் கொடையாக அளித்தார்.

‘இறங்குரிமை’ என்ற மற்றொரு பரிந்துரை சட்டத் தமிழுக்குப் பொருந்தும். பழைய ஆங்கில நிலச் சட்டத்தில் ‘டிசென்ட்’ என்பது உயில் எதுவுமின்றி வாரிசுக்குத் தானாக இறங்கும் உரிமையை மட்டுமே குறித்தது. கொடையும் உயிலும்கூட அங்கே ‘பர்சேஸ்’ (தானாக இறங்காமல் வேறு வழியில் பெறுவது) என்ற எதிர்ப்பக்கத்தில் அடங்கின. வரலாற்று நூல்களோ விற்பனை, கொடை, பறிமுதல் அனைத்தையும் ‘டிசென்ட்’ என்பதற்குள்ளேயே சொல்கின்றன. ஆகவே ஒரே ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் இரண்டு சொற்கள் வேண்டும் என்று உறுதியாகக் கருதுகிறேன்: சட்டத்துக்கு ‘இறங்குரிமை’, வரலாற்றுக்கு ‘உடைமைவழி’.

‘லேகாக் மேனரின் உடைமைவழி 1540இல் விற்பனையாலும், பின்னர் ஆலிவின் திருமணத்தாலும் திசைமாறியது’ என்று எழுதினால் இடறலின்றிப் படிக்க முடிகிறது. ‘உடைமைவழி’ என்பதை ஒரே சொல்லாகச் சேர்த்தே எழுதவேண்டும். பிரித்தால் ‘உடைமையின் மூலமாக’ என்று பொருள்பட்டுவிடும்.

‘மேனர்’ என்பதை ‘மாளிகை’ என்று பெயர்ப்பதையும் கைவிடுவோம். மாளிகை அதன் ஒரு பகுதிதான். குடியானவர்களின் நிலமும், அவர்கள் வழக்குகளைக் கேட்ட பிரபுவின் மன்றமும் சேர்ந்ததே மேனர். தகுந்த தமிழ்ச்சொல் கிடைக்கும்வரை ‘மேனர்’ என்றே எழுதலாம் என்பது என் கருத்து.