தனுஷ்கோடி மணலில் முன்னால் புல், பின்னால் இடிந்த தேவாலயம்: இரண்டும் கூர்மையாக வர என்ன செய்கிறீர்கள்?

பாக்கு நீரிணை:
1964 புயலில் இடிந்த தேவாலயத்தைப் பின்னால் வைத்து, இராவணன் மீசைப் புல்லை முன்னால் நிறுத்தி எடுக்கும் படங்களில் ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறது. ஃபுல் ஃப்ரேம் கேமரா (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்), 24 மி.மீ. லென்ஸ், அபர்ச்சர் (லென்ஸின் ஒளித் துளை) எஃப் 11; எண் கூடினால் துளை சிறுக்கும். சுவரில் கல் கல்லாக எண்ணலாம், புல் மட்டும் பஞ்சு மாதிரி. எஃப் 22 வைத்தால் புல் தேறுகிறது, ஆனால் படம் மொத்தமும் மழுங்குகிறது. பழகியவர்கள் சொல்லுங்கள்.

முக்காலி:
நீங்கள் ஃபோகஸைத் தேவாலயத்தில் வைக்கிறீர்கள். 24-இல், எஃப் 11-இல் அப்படி வைத்தால் சுமார் 1.7 மீட்டருக்கு அப்பால் இருப்பதுதான் கூர்மையாக வரும். புல் 60 செ.மீ.யில் இருந்தால் மங்கத்தான் செய்யும். லென்ஸில் கோளாறு இல்லை.

ஃப்ரேமுக்குள் மிக அருகில் இருக்கும் பொருளின் தூரத்தைப் பாருங்கள். அதை இரட்டியுங்கள். அந்தத் தூரத்தில் ஃபோகஸ். 60 செ.மீ. புல்லுக்கு 1.2 மீட்டர். அப்போது புல்லும் தொடுவானமும் சம அளவில் கூர்மையாக நிற்கும். அந்தக் கூர்மை போதுமா என்பதை அபர்ச்சர் தீர்மானிக்கும்: 24 மி.மீ.க்கு எஃப் 16 வேண்டும், 16 மி.மீ.க்கு எஃப் 8 போதும். அதனால் 24-ஐ விடவே மனமில்லை என்றால் 30 செ.மீ. பின்னால் வாருங்கள். புல் 90 செ.மீ.யில், ஃபோகஸ் 1.8 மீட்டரில், எஃப் 11-லேயே வேலை முடிந்துவிடும். இந்தக் கணக்கு சாதாரண அளவு பிரிண்டுக்கு. பெரிய பிரிண்ட் போடுவதென்றால் இன்னும் ஒரு ஸ்டாப் (ஒளி பாதியாகும் அளவு, எஃப் 11-இலிருந்து 16 போல) மூடுங்கள். எஃப் 22-இல் ஒளி அந்தச் சின்னத் துளையில் விலகிப் பரவுவதால்தான் எல்லாமே மழுங்குகிறது. ஃபுல் ஃப்ரேமில் எஃப் 16 தாண்டாதீர்கள், அதைவிடச் சிறிய கிராப் சென்சாரில் எஃப் 11.

ஒன்று கவனம். தூரத்தை உங்கள் காலிலிருந்து அளக்காதீர்கள், கேமராவின் சென்சாரிலிருந்து அளக்க வேண்டும். கேமராவை முட்டிக்குக் கீழே இறக்கி முன்னால் நீட்டும்போது இந்த இரண்டுக்கும் நடுவே அரை மீட்டர் வித்தியாசம் சுலபமாக வரும்.

அடும்பு:
முக்காலி அண்ணன் கணக்கு சரி. ஆனால் புல்லை எங்கே நிறுத்துவது என்பதை முடிவு செய்யாமல் ஃபோகஸ் பேசிப் பயனில்லை. நின்ற உயரத்தில் எடுத்தால் புல்லுக்கும் சுவருக்கும் நடுவே வெறும் மணல் பாதிப் படத்தைத் தின்றுவிடும். கேமராவைத் தரையிலிருந்து 50 செ.மீ.க்கு இறக்குங்கள், அந்த மணல் மடிந்து ஒரு பட்டையாகிவிடும். ரொம்ப இறக்கினாலும் கெட்டது, புல்லின் முள் உருண்டை சுவரின் அடியை மறைக்கும். உருண்டைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் அளவு மணல் தெரிகிற உயரம்தான் சரியான உயரம். ஏற்றி இறக்கியும் கிடைக்கவில்லையா, இடப்பக்கமோ வலப்பக்கமோ இரண்டு எட்டு வையுங்கள்.

16 மி.மீ.க்குப் போனால் தேவாலயம் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கும். அதனால் கட்டடத்தை நெருங்கிப் போய், அங்கே உள்ள புல்லைத் தேடுங்கள். கேமராவைக் குனிய வைத்தால் சுவர்கள் வெளிப்பக்கம் சாயும். மட்டமாக வைத்து எடுத்துவிட்டு, மேலே மிஞ்சும் வானத்தைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். பட்டனை அழுத்துமுன் நான்கு மூலையையும் ஒரு சுற்றுப் பாருங்கள். கடைக் கூரை, பிளாஸ்டிக் பை எல்லாம் மூலையில்தான் ஒளிந்திருக்கும்.

முக்காலி:
இன்னும் கிட்டே, 50 செ.மீ.க்குப் போக வேண்டும் என்றால் 24 மி.மீ.யில் ஒரே படத்தில் நடக்காது. எஃப் 8, மூன்று படம் எடுத்து இணைக்க வேண்டும்: ஃபோகஸ் 60 செ.மீ., 1.2 மீட்டர், 4 மீட்டர். ஒன்றின் எல்லை முடிகிற இடத்தில் அடுத்தது தொடங்கிவிடும். சிக்கல் காற்று. மூன்று படத்திலும் புல் வேறு வேறு இடத்தில் நிற்கும், மென்பொருளில் தானாக இணைத்தால் ஒவ்வொரு நுனியும் இரண்டாகத் தெரியும். முதல் படத்தை மட்டும் ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) 400, 800 என ஏற்றி 1/250 நொடியில், காற்று ஓய்கிற நேரம் பார்த்து எடுங்கள். புல் மொத்தத்தையும் அந்த ஒரு படத்திலிருந்தே கையால் மாஸ்க் போட்டு (மற்ற பகுதியை மறைத்து) சேருங்கள்.

மலைச்சரிவு:
நீலகிரித் தேயிலைச் சரிவுகளில் எடுப்பவர்களுக்கு இதே கணக்கு வேறு மாதிரி உதவும். அங்கே அகல லென்ஸ் மலையைக் குட்டையாக்கிவிடுகிறது. 135 மி.மீ., எஃப் 8-இல் சுமார் 80 மீட்டர் தள்ளி நிற்கும் சில்வர் ஓக் மரத்தில் ஃபோகஸ் வைத்தால் 40 மீட்டரிலிருந்து கடைசி மலை மடிப்பு வரை வந்துவிடும். வெயில் ஏறினால் சூடான காற்று அலைந்து, தூரத்து மடிப்பு எந்த அபர்ச்சரிலும் கூர்மையாகாது. ஜூம் செய்து முடித்த பிறகே ஃபோகஸ் வையுங்கள், பல ஜூம் லென்ஸ்களில் ஜூம் நகர்ந்தால் ஃபோகஸும் நகரும்.

பாக்கு நீரிணை:
விடியலுக்கு முன் ஆட்டோஃபோகஸ் அலைபாய்கிறதே, அதற்கு?

அடும்பு:
திரையில் 10 மடங்கு பெரிதாக்கிக் கையால் வையுங்கள். 1.2 மீட்டரில் மணலில் ஒரு சிப்பியை வைத்து, அதன் விளிம்பில் டார்ச் அடித்துப் பிடித்தால் சுலபம். பிறகு சிப்பியை எடுத்துவிடுங்கள். பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர் (ஒளியைக் குறைக்கும் கருங்கண்ணாடி) போடுவதாக இருந்தால் ஃபோகஸ் முதலில், ஃபில்டர் பிறகு. 1/30 நொடி அதில் கிட்டத்தட்ட 34 நொடியாகும்.

அத்தனை நேரம் ட்ரைபாட் அசையாமல் நிற்க வேண்டும். கால்களை அகட்டி, ஒவ்வொன்றையும் மணலில் ஒரு சாண் அழுத்துங்கள். அலை தொடும் ஈர மணலில் ஒவ்வொரு அலைக்கும் கால் கொஞ்சம் இறங்கும், அங்கே நீண்ட எக்ஸ்போஷர் வேண்டாம். பை தொங்கவிட்டால் தரையைத் தொடட்டும், இல்லாவிட்டால் காற்றில் ஆடி அதுவே கேமராவை ஆட்டும்.

முக்காலி:
எல்லாம் சரியாக வைத்தும் படம் மங்கலாக இருந்தால் லென்ஸின் முன் கண்ணாடியைச் சாய்த்துப் பாருங்கள். அரை மணி நேரத்தில் உப்புப் படலம் படிந்துவிடும். முதலில் ப்ளோயரால் மணலை ஊதி, அப்புறம்தான் துணி. மணலோடு துடைத்தால் கீறல் விழும். ட்ரைபாடின் கால் பூட்டுகளை அன்றிரவே கழற்றி நல்ல தண்ணீரில் அலசி உலர்த்துங்கள். உப்பு காய்ந்து இறுகினால் அடுத்த முறை கால் நீளாது.