சீட் (seed) என்பதற்குக் 'கட்டவெண்'?

நண்பர்களே,

விளையாட்டுப் பக்கங்களில் ரேங்க் (தரத்தில் ஓர் அணி எத்தனையாவது), சீட் (போட்டி அட்டவணையில் அதற்கு ஒதுக்கும் எண்) இரண்டையும் தரவரிசை என்றே எழுதிவருகிறோம். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் தேசியப் பட்டத்தைப் பற்றி எழுதினால் இது பெருங்குழப்பம் தருகிறது.

2024 பருவத்தில் பட்டச் சுற்று 12 அணிகளுக்கு விரிந்தது. 13 பேர் கொண்ட தேர்வுக்குழு 25 அணிகளை வரிசைப்படுத்தியது. அந்த வரிசையில் மேலே இருக்கும் ஐந்து கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் கூட்டமைப்பு) சாம்பியன்களுக்கு இடம் உறுதி. மிச்சம் ஏழு இடங்கள் வரிசைப்படி. முதல் சுற்றில் ஆடாமலே காலிறுதிக்குப் போகும் முதல் நான்கு சீட் அந்த ஆண்டு சாம்பியன்களுக்கு மட்டுமே. அதனால் குழுவின் வரிசையில் 9-ஆவதான பாய்சி ஸ்டேட்டுக்கு 3-ஆவது சீட், 12-ஆவதான அரிசோனா ஸ்டேட்டுக்கு 4-ஆவது. வரிசையில் 3-ஆவதான டெக்சஸோ 5-ஆவது சீட்டுக்கு இறங்கி முதல் சுற்றிலும் ஆட வேண்டியதாயிற்று. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இதை எழுதவே முடியாது.

என் பரிந்துரை: களவரிசை.

> என் பரிந்துரை: களவரிசை.

தரவரிசையோடு ஓசை நன்றாக ஒத்துவருகிறது ஐயா. ஆனால் படிப்பவர் கண்ணில் 'களவு'தான் முதலில் படும். 'வரிசை'யே இங்கே வேண்டாம் என்பேன். அட்டவணையில் ஓர் அணி எந்தக் கட்டத்தில் உட்காருகிறது என்பதைத்தான் சீட் சொல்கிறது. முதல் சுற்றில் 5–12, 6–11, 7–10, 8–9 என்ற சீட் இணைகள் மோதும். 5 முதல் 8 வரையான அணிகளுக்குச் சொந்த மைதானம். 8–9 ஆட்டத்தில் வென்றவர் காலிறுதியில் 1-ஐச் சந்திப்பார். நடுவில் எண்களை மாற்றி அடுக்குவதில்லை. 2024-இல் குழுவின் வரிசையில் 6-ஆவதான ஒஹாயோ ஸ்டேட், சாம்பியன்கள் மேலே ஏறியதால் 8-ஆவது கட்டத்துக்குத் தள்ளப்பட்டது; அதனால்தான் முதலிடத்து ஓரிகனைக் காலிறுதியிலேயே சந்தித்தது. வென்று, கடைசியில் பட்டத்தையும் தட்டிச் சென்றது.

கட்டம் + எண் = கட்டவெண். பதிவெண், தொடரெண் போல.

> கட்டவெண்

சொல் பிடித்திருக்கிறது. ஆனால் 2025 முதல் சாம்பியன்களுக்கான முதல் நான்கு இடச் சலுகை போய்விட்டதே? சீட் இப்போது வரிசைப்படிதான். தனிச்சொல் இன்னும் தேவையா?

> தனிச்சொல் இன்னும் தேவையா?

கட்டாயம் தேவை. ஐந்து சாம்பியன்கள் விதி 2025-இலும் அப்படியே இருந்தது. 2025-இல் வரிசையில் 20-ஆவதான டுலேன் கட்டவெண் 11 பெற்றது. 24-ஆவதான ஜேம்ஸ் மேடிசன் 12. வரிசையில் 11-ஆவதான நோட்ர டேம் வெளியே நின்றது.

இந்தச் சொல்லுக்கான பதிவில் ஒரு எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். 2014 முதல் 2023 வரை பட்டச் சுற்றில் நான்கே அணிகள். தரவரிசையும் கட்டவெண்ணும் ஒன்றே. 1998–2013 பிசிஎஸ் (அப்போதைய பட்டத் தேர்வு முறை) காலத்தில் வாக்கெடுப்புகளும் கணினிக் கணக்கும் இரண்டு அணிகளைத் தேர்ந்து ஒரே ஓர் இறுதியாட்டம் வைத்தன. அங்கே கட்டவெண் என்ற பேச்சே இல்லை. 2003 பருவத்தில் எல்எஸ்யு (லூசியானா ஸ்டேட்) அந்த ஆட்டத்தை வென்றும் ஏபி செய்தி நிறுவனத்தின் வாக்கெடுப்பு யுஎஸ்சியை (தென் கலிஃபோர்னியா) முதலிடத்தில் வைத்தது. அதை எழுதும்போது தரவரிசை மட்டுமே சரி.

முதல் நான்கு பேருக்குக் கிடைக்கும் 'பை'க்கு (bye, முதல் சுற்றில் ஆடாமல் முன்னேறுவது)ச் 'சுற்றுவிலக்கு' வேண்டாம், தண்டனைபோல் ஒலிக்கிறது. 'நேர்நுழைவு' போதும்.

பதிவு இப்படி இருக்கலாம்:

கட்டவெண் – நாக் அவுட் போட்டியின் அட்டவணையில் ஓர் அணிக்கு ஒதுக்கும் இடத்தின் எண். எ-டு: 2024-இல் தரவரிசையில் 16-ஆவதாக இருந்த கிளெம்சனின் கட்டவெண் 12.