காணி, வீடு, வன எல்லை: மூன்று அலுவலகங்களை ஒரே இடத்துக்குக் கொண்டுவருவது எப்படி?

குளக்கட்டு (ஒட்டுசுட்டான்):
எமது கிராம அபிவிருத்திச் சங்கத்தின் சார்பில் ஒரு கோரிக்கைக் கடிதம் தயாரிக்கிறோம். யுத்தம் முடிந்து மீள்குடியேறியபோது பெற்றோருடன் சிறுபிள்ளைகளாக வந்தவர்கள் இன்று திருமணம் முடித்து, அதே வளவின் ஒரு மூலையில் தகரக் கொட்டில் போட்டு இருக்கிறார்கள். வீட்டுத்திட்டத்துக்கு விண்ணப்பித்தால் காணி அனுமதிப்பத்திரம் கேட்கிறார்கள். பிரதேச செயலகத்தில் காணி கேட்டால், கொடுக்கக்கூடிய துண்டு வனத் திணைக்களத்தின் எல்லைக்கல்லுக்குள் கிடக்கிறது, அவர்களுடைய சம்மதம் வரட்டும் என்கிறார்கள். ஒவ்வொருவரும் தத்தம் சட்டப்படி சரியான பதிலைத்தான் சொல்கிறார்கள் என்பதே எங்களுடைய சிக்கல். அரசின் பல மட்டங்கள் சேர்ந்து வீடின்மையைக் குறைத்த முன்னுதாரணம் எங்காவது உண்டா?

பாலைநிழல் (கிளிநொச்சி):
பின்லாந்தைப் பார்க்கலாம். 2008ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தில், நீண்டகால வீடின்மையை 2011ஆம் ஆண்டுக்குள் பாதியாகக் குறைப்பதென்று மத்திய அரசும் பெரிய நகரங்களும் எழுத்தில் உடன்பட்டன. இரவுத் தங்குமிடங்கள் பல, ஒப்பந்தத்துடன் கூடிய வாடகை வீடுகளாக மாற்றப்பட்டன. குறித்த ஆண்டுக்குள் பாதியாகாவிட்டாலும் எண்ணிக்கை கணிசமாகக் குறைந்தது. ஆனால் அங்கே வாடகை வீட்டைப் பற்றிய கேள்வி, இங்கே காணியைப் பற்றிய கேள்வி. ஆகவே திட்டத்தை அப்படியே கொண்டுவர முடியாது. யார், எதை, எந்தத் திகதிக்குள் செய்வது என்று எழுதிக் கையொப்பமிட்ட அந்த வழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சிலாகை (மாங்குளம்):
நான் வீட்டுத்திட்டமொன்றில் தொழில்நுட்ப உதவியாளனாக வேலை செய்தவன். இந்திய அரசின் 50,000 வீட்டுத்திட்டத்தில், வடக்கிலும் கிழக்கிலும் பயனாளிகள் தாங்களே கட்டிய வீடுகளுக்கு 5,50,000 ரூபாய் வழங்கப்பட்டது. பணம் கட்டங்கட்டமாக வரும்; அத்திவாரம் முடிந்ததைப் பார்த்த பின்னரே சுவருக்கான தொகை விடுவிக்கப்படும். முறை நல்லதுதான், ஆனால் மணல் ஏற்ற அனுமதி ஒரு அலுவலகத்திலும், கூரைமரம் வெட்ட அனுமதி இன்னொன்றிலும் இருந்தன. லின்டல் மட்டத்தில், அதாவது கதவு யன்னல்களின் மேல்விளிம்போடு, நின்றுபோன சுவர்களுக்குள் தறப்பாள் கட்டிச் சமைத்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். மணலின் விலை ஏறியதும், அடுத்த கட்டத் தொகையைப் பெறுவதற்காகவே நகையை அடகு வைத்தார்கள். வீடு கொடுத்தாகிவிட்டது என்று கணக்கில் ஏறிய குடும்பம் கடனாளியாகி நின்றது. எனவே உங்கள் கடிதத்தில் மணலையும் மரத்தையும் மறக்க வேண்டாம்.

பின்னர் 65,000 உருக்கு வீடுகள் என்ற யோசனை வந்ததும் நினைவிருக்கும். ஒன்றுக்கு 20 இலட்சத்துக்கு மேல் செலவாகும் வீட்டை, இந்த வெயிலில் யார் இருக்கப்போகிறார்கள் என்று கேட்காமலே கொழும்பில் தீர்மானித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் அது கைவிடப்பட்டது.

வயற்கரை (வவுனியா):
சட்டப் பக்கம் சொல்கிறேன். உங்கள் பகுதியில் பெரும்பாலான காணிகள் அரச காணிகள்; 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வருபவை. அனுமதிப்பத்திரம் பிரதேச செயலகத்தினூடாகவே கிடைக்கும். மோதலால் இடம்பெயர்ந்தோருக்கான நிலைத்த தீர்வுகள் பற்றிய தேசியக் கொள்கையை அமைச்சரவை 2016இல் ஏற்றுக்கொண்டது. கடிதத்தின் முதற்பந்தியிலேயே அதைச் சுட்டிக்காட்டுங்கள்.

"வீடு தாருங்கள்" என்று மட்டும் எழுதினால் பழைய பதில்தான் வரும். குடும்பவாரியாக, யாருடைய விண்ணப்பம் எந்த மேசையில் நிற்கிறது என்று எழுதி, திணைக்களங்கள் ஒன்றாகக் கூடும் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவின் நிகழ்ச்சிநிரலில் சேர்க்கக் கேளுங்கள். காணி உத்தியோகத்தர், வன அலுவலர், நில அளவையாளர் மூவரும் ஒரே நாளில் இடத்துக்கு வரவேண்டும் என்பதே உங்கள் முதன்மைக் கோரிக்கையாக இருக்கட்டும்.

குளக்கட்டு:
மிக்க நன்றி. எல்லைக்கல் நடுவதற்கு முன்பே அங்கே மக்கள் இருந்தார்கள் என்று எப்படிக் காட்டுவது? யுத்த காலத்தில் காடு மூடிவிட்டது.

வயற்கரை:
பழைய வாக்காளர் இடாப்பு, பங்கீட்டு அட்டை, பாடசாலை வரவுப் பதிவு எது கிடைத்தாலும் சேருங்கள். காட்டுக்குள் கட்டுக் கிணறும் தென்னையும் தானாக முளைப்பதில்லை. மூவரும் வரும் நாளில் முதலில் அவற்றுக்கு வழி வெட்டி வையுங்கள்.