ஃபெர்மிக்குப் பின் எது: விண்கலமா, தரைத் தொலைநோக்கியா?

வானளந்தான்:
ஒளியின் மிக உயர் ஆற்றல் வடிவமான காமா கதிர்களை நோக்க 2008 ஜூனில் ஏவப்பட்ட ஃபெர்மி விண்கலம், திட்டமிட்ட ஆயுளைக் கடந்து இன்றும் உழைத்துக்கொண்டிருக்கிறது; அதன் முதன்மைக் கருவிக்கு ஈடான ஒன்று இன்னும் கட்டப்படவில்லை. காமா கதிர் வானியலின் எதிர்காலம் தரையில்தான், ஆகவே பெரிய முதலீடுகள் அங்கேயே போகட்டும் என்று நண்பர்கள் சிலர் கூறுவதை நான் ஏற்கவில்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை முழு வானத்தையும் பார்த்து முடிக்கும் கண் நமக்கு ஃபெர்மி ஒன்றே. நம் பால்வெளியின் மையத்திலிருந்து மேலும் கீழும் தலா 25,000 ஒளியாண்டு நீளும் ஃபெர்மி குமிழ்கள் 2010-இல் வெளிப்பட்டது இந்தப் பரந்த பார்வையால்தான். சில பாகை அகலமே காணும் கருவிக்கு அவ்வளவு பெரிய அமைப்பைப் பின்புலத்திலிருந்து பிரித்தறிவது மிகக் கடினம்.

மலைமுகடு:
அகலப் பார்வையின் அருமையை மறுக்கவில்லை. ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். வெடித்த விண்மீனின் எச்சமான நண்டு நெபுலாவிலிருந்து ஒரு டெரா (லட்சம் கோடி) எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேற்பட்ட ஆற்றலுடன் வரும் ஃபோட்டான்கள் (ஒளித்துகள்கள்), ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஆறுதான். வானத்தின் மிகப் பிரகாசமான நிலையான மூலங்களுள் ஒன்றுக்கே இந்த நிலை என்றால், மங்கலான மூலங்களுக்கு விண்ணில் எவ்வளவு பெரிய கருவியை ஏவுவீர்கள்? ஃபெர்மியின் முதன்மைக் கருவி 2.8 டன் எடை கொண்டது. ஃபோட்டான்களைப் பிடிக்கும் அதன் பயனுறு பரப்போ ஒரு சதுர மீட்டர் அளவுதான். தரைத் தொலைநோக்கி வளிமண்டலத்தையே தன் கருவியாக்கிக்கொள்கிறது. காமா ஃபோட்டான் காற்றில் மோதியதும் துகள் பொழிவு உண்டாகிறது. அத்துகள்கள் காற்றில் ஒளி செல்லும் வேகத்தை மிஞ்சி விரைவதால் எழும் நீல நிறச் செரன்கோவ் ஒளி, சில நானோ நொடிகளே நீடித்தாலும் தரையில் இருநூறு மீட்டருக்கும் அதிகமான விட்டத்தில் பரவுகிறது. அந்த வட்டத்துக்குள் எங்கே ஆடி இருந்தாலும் ஃபோட்டான் அகப்படும். ஆகவே பயனுறு பரப்பு ஒரு லட்சம் சதுர மீட்டரை எட்டுகிறது. ஆண்டுக்கு ஆறு என்பது நிமிடத்துக்கு ஒன்று என்றாகிவிடுகிறது.

விண்ணிலிருந்து வரும் மின்னூட்டத் துகள்களான அண்டக்கதிர்கள் உண்டாக்கும் பொழிவுகள் காமா பொழிவுகளைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் அதிகம் என்பதே நெடுங்காலத் தடையாக இருந்தது. பொழிவின் பிம்ப வடிவத்தைக்கொண்டு இரண்டையும் பிரிக்கலாம் என்று 1985-இல் மைக்கேல் ஹில்லஸ் காட்டிய வழியே, 1989-இல் விப்பிள் தொலைநோக்கி நண்டு நெபுலாவை இத்தகைய ஃபோட்டான்களின் மூலமென ஐயமற உறுதிசெய்ய உதவியது. இன்று ஹெஸ், மேஜிக், வெரிடாஸ் ஆகிய மூன்று தரைத் தொலைநோக்கி அமைப்புகளும் அந்த வழியில்தான் இயங்குகின்றன.

வானளந்தான்:
உங்கள் கணக்கு சரியே. ஆனால் அந்தத் தொலைநோக்கிகளுக்கு இருண்ட, தெளிந்த இரவு வேண்டும். ஆண்டில் சுமார் ஆயிரம் மணி நேரமே நோக்க முடியும். 2022 அக்டோபர் 9 அன்று, இதுவரை பதிவானவற்றுள் மிகப் பிரகாசமான காமா கதிர் வெடிப்பு நிகழ்ந்தபோது முழுநிலவு. நமீபியாவிலுள்ள ஹெஸ், நிலவொளி இடங்கொடுத்த பிறகு, அதாவது 53 மணி நேரம் கழித்துத்தான் அதைப் பார்க்கத் தொடங்கியது. வெடிப்பு யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

மலைமுகடு:
அதே வெடிப்பை முதல் கணத்திலிருந்தே பதிவுசெய்ததும் ஒரு தரை நிலையம்தான் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. சீனத்தின் சிச்சுவான் மாகாணத்தில் 4,410 மீட்டர் உயரத்தில் உள்ள லாசோ, பொழிவின் துகள்களையே நேரடியாக நீர்த்தொட்டிகளில் பிடிப்பதால் அதற்குப் பகலும் நிலவும் ஒன்றே. ஐம்பது நிமிடங்களுக்குள் 60,000-க்கும் மேற்பட்ட உயர் ஆற்றல் ஃபோட்டான்களை அது எண்ணியது.

கதிர்த்தேடல்:
இருவரும் ஒரு பெரிய வெற்றிடத்தைத் தாண்டிச் செல்கிறீர்கள். ஒரு மெகா (பத்து லட்சம்) எலெக்ட்ரான் வோல்ட்டை ஒட்டிய பட்டையில், 2000-இல் காம்ப்டன் காமா கதிர் விண் ஆய்வகம் கீழிறக்கப்பட்ட பிறகு அதன் காம்ப்டெல் கருவியை விஞ்சும் வான் வரைபடம் நம்மிடம் இல்லை. விண்மீன் வெடிப்புகள் புதிதாய் ஆக்கிய தனிமங்களின் கதிரியக்கக் கோடுகள் இங்குதான் விழுகின்றன. அலுமினியம்-26 தரும் 1.8 மெகா எலெக்ட்ரான் வோல்ட் கோடு ஓர் எடுத்துக்காட்டு. இந்த ஃபோட்டான்கள் பொழிவை உண்டாக்காமல் காற்றிலேயே அடங்கிவிடுகின்றன. எந்த மலை உச்சியும் இதற்குப் பயன்படாது.

வானளந்தான்:
முக்கியமான கருத்து, நன்றி. லாசோவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த வெடிப்பு அண்டவெளிக் கணக்கில் நமக்கு அருகே நிகழ்ந்தது. தொலைதூர மூலங்களின் டெரா எலெக்ட்ரான் வோல்ட் ஃபோட்டான்கள், வழியெங்கும் பரவியிருக்கும் விண்மீன் ஒளியுடன் மோதி எலெக்ட்ரான், பாசிட்ரான் இணைகளாக மாறி மறைந்துவிடுகின்றன. எனவே தரையில் பரப்பை எவ்வளவு பெருக்கினாலும், வந்து சேராத ஃபோட்டானைப் பிடிக்க இயலாது. கிகா (நூறு கோடி) எலெக்ட்ரான் வோல்ட் கதிர்களுக்கோ அந்த வெளி ஏறத்தாழத் தெளிவானது.

இன்னொன்று, தொடர்ந்த கண்காணிப்பு. 2017 செப்டம்பர் 22 அன்று அண்டார்ட்டிகப் பனிக்குள் உள்ள ஐஸ்கியூப் உணரி ஒரு நியூட்ரினோவை (எதனுடனும் எளிதில் மோதாத நுண்துகளை) பதிவுசெய்தபோது, அத்திசையில் உள்ள பிளேசார் (மையக் கருந்துளையின் தாரை நம்மை நோக்கிப் பாயும் விண்மீன் மண்டலம்) அப்போது வழக்கத்தைவிடப் பிரகாசித்துக்கொண்டிருந்தது என்பதை ஃபெர்மியின் தரவே சொன்னது. மேஜிக் அதைக் கண்டது அதன் பிறகுதான்.

மலைமுகடு:
புதிய 23 மீட்டர் ஆடித் தொலைநோக்கிகள் 20 கிகா எலெக்ட்ரான் வோல்ட் வரை கீழே இறங்க வடிவமைக்கப்பட்டவை. வானின் எந்தத் திசைக்கும் சுமார் 20 நொடிகளில் திரும்பக் கூடியவை. வெடிப்பு நிகழ்ந்ததை அறிவிக்க ஸ்விஃப்ட், 2024-இல் ஏவப்பட்ட எஸ்விஓஎம் போன்ற கலங்கள் போதும். இவ்வளவும் இருக்கும்போது, ஃபெர்மியைப் போன்ற பெருங்கலத்தையே மறுபடி கட்ட வேண்டும் என்பது ஏன்?

வானளந்தான்:
20 கிகா எலெக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழேதான் துடிவிண்மீன்கள் (வேகமாகச் சுழன்று துடிப்புகளாய்க் கதிர் வீசும் விண்மீன் எச்சங்கள்) இருக்கின்றன என்பதால். ஃபெர்மி ஏறக்குறைய 300 காமா கதிர்த் துடிவிண்மீன்களைப் பட்டியலிட்டிருக்கிறது. அவற்றின் துடிப்பு சில கிகா எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் வேகமாக மங்கிவிடுகிறது. தரைத் தொலைநோக்கிகள் இதுவரை துடிப்பைக் கண்டவை நண்டு, வேலா, ஜெமிங்கா என விரல்விட்டு எண்ணக்கூடியவையே. அறிவிப்புக் கலங்கள் வெடிப்புகளைச் சொல்லும். நொடிக்குப் பலமுறை சுழலும் ஒரு மங்கலான விண்மீனின் ஃபோட்டான்களை ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சேர்த்து அதன் சுழற்சிக் காலத்தைக் கண்டறிய அவற்றால் முடியாது.