இழை: காண்டாக்ட் பேட்ச் - தமிழில் என்ன? (திங்கள் காலைக்குள் வேண்டும்)

அனுப்பியவர்: காட்பாடி பயிற்றுநர்
செவ்வாய், இரவு 9.40

குழுமத்தாருக்கு வணக்கம்.

ஆட்டோமொபைல் பிரிவுப் பையன்களுக்குத் தமிழில் ஒரு பாடக்குறிப்பு எழுதுகிறேன். வேகக் காருக்குப் பழைய டயரைக் கழற்றிப் புது டயர் போடும்போது எதையெதைப் பார்த்து வாங்குவது என்பது பாடம். காட்பாடிக்கு எதற்கு இது என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை விடியலில் சென்னை-பெங்களூர் சாலையோரம் ஒரு டீ குடித்துப் பாருங்கள், புரியும். தரையோடு தரையாக எத்தனை வண்டி போகிறது! இந்தப் பையன்கள் நாளை ஓசூருக்கு வேலைக்குப் போனால் அவற்றின் சக்கரத்தை இவர்கள்தான் கழற்றப் போகிறார்கள்.

'சைடுவால்' பக்கச்சுவர் ஆகிவிட்டது. டயரின் மேல்பரப்பில் வெட்டுவெட்டாக இருக்கும் 'ட்ரெட்'டுக்குக் கடைகளில் புழங்கும் 'பட்டன்' என்பதையே வைத்துக்கொண்டேன், சண்டைக்கு வராதீர்கள். மாட்டிக்கொண்டது 'காண்டாக்ட் பேட்ச்'. வண்டி ஓடுகையில் அந்தந்தக் கணத்தில் டயரின் எந்தப் பகுதி தரையில் படிந்திருக்கிறதோ, அது. தற்காலிகமாகத் 'தொடுபரப்பு' என்று போட்டேன். வகுப்பில் சொன்னதும் ஒரு பையன் எழுந்து, "சார், லேப்டாப்புல வெரல வச்சுத் தேய்ப்போமே, அதுவா?" என்றான்.

அச்சகம் திங்கள் காலை கேட்கிறது. கைகொடுங்கள். (டயருக்கே தமிழ் வேண்டும் என்று தயவுசெய்து இந்த இழையில் தொடங்க வேண்டாம்.)

---

அனுப்பியவர்: குடியாத்தத்தான், பெங்களூர்
செவ்வாய், இரவு 11.15

சொல்லுக்கு முன்னால் பொருளைப் பார்த்துவிடுவோம். டயர் சோதனைதான் எனக்குப் பிழைப்பு.

போர்ஷே 911 கரேரா எஸ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போதைய தலைமுறையில் முன்னால் 245/35, 20 அங்குலம். பின்னால் 305/30, 21 அங்குலம். 305 என்பது மில்லிமீட்டரில் அகலம், 30 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. வண்டி ஏறத்தாழ 1500 கிலோ, எஞ்சின் பின்னால். அதனால் பின் சக்கரம் ஒவ்வொன்றும் தோராயமாக 450 கிலோ தாங்குகிறது. காற்று 36 பிஎஸ்ஐ என்று வையுங்கள், சதுர சென்டிமீட்டருக்கு 2.5 கிலோ. எடையைக் காற்றழுத்தத்தால் வகுத்தால், தரையில் படியும் இடம் 180 சதுர சென்டிமீட்டர். விரலை விரித்து வைத்த ஒரு கை அளவு. அந்த நான்கு கைகள்தான் வண்டியைச் சாலையில் பிடித்து வைத்திருக்கின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே எடை, அதே காற்று என்றால் அகல டயர் போட்டாலும் அந்தப் பரப்பு பெரிதாகக் கூடிவிடாது. வடிவம்தான் மாறும். ஒல்லி டயரில் நீளவாக்கில் கிடப்பது அகல டயரில் குறுக்குவாக்கில் கிடக்கும். பக்கச்சுவரின் விறைப்பும் கொஞ்சம் எடையைத் தாங்குவதால் கணக்கு அப்படியே வராது, ஆனால் போக்கு இதுதான். அதனால் 'பரப்பு' என்று சொல்லில் வைத்தால் பையன்கள் அளவையே நினைப்பார்கள். எனக்கு வேண்டியது இடமும் வடிவமும் தெரிகிற சொல்.

---

அனுப்பியவர்: ஆர்க்காட்டுப் புலவர் (பணி ஓய்வு)
புதன், காலை 5.05

தம்பிக்கு வாழ்த்து. டயரைத் தொட வேண்டாம் என்கிறீர். தொடாமல் எப்படி? நம் தொண்டை நாட்டு இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையிலே உப்பு வண்டியின் சக்கரம் வருகிறது. 'கொழுஞ்சூட்டு அருந்திய திருந்துநிலை ஆரத்து, முழவின் அன்ன முழுமர உருளி.' ஆரம் என்பது ஆரக்கால். அதைச் சுற்றிப் பொருந்திய வட்டை 'சூட்டு'. தலையில் சூடுவது போல் சக்கரம் சூடிக்கொண்டது சூட்டு. காஞ்சிக்கும் ஆர்க்காட்டுக்கும் நடுவே ஓடிய வண்டியின் சொல்லை விட்டுவிட்டு 'டயர்' என்கிறோம். போகட்டும்.

கேட்ட பொருளுக்கு வருகிறேன். நளவெண்பாவை நினையுங்கள். சுயம்வரத்தில் ஐந்து நளன்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், நால்வர் தேவர். தமயந்தி மெய்யான நளனை எதைக்கொண்டு அறிந்தாள்? கண் இமைத்தது, மாலை வாடியது, அடிகள் 'காசினியில் தோய்தலால்'. தேவர் கால் மண்ணில் தோயாது, மனிதன் கால் தோயும். அந்த நளனோ தேரோட்டுவதில் நிகரற்றவன்! இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? சொல்: தோய்தடம். மூன்று காலத்துக்கும் பொதுவான வினைத்தொகை. நேற்றுத் தோய்ந்த, இன்று தோய்கின்ற, நாளை தோயும் தடம். சக்கரமும் அப்படித்தானே, கணந்தோறும் வேறு இடம் தோய்கிறது.

---

அனுப்பியவர்: ஆம்பூர் டயர்க்கடை
புதன், மதியம் 2.30

புலவரய்யா கோச்சிக்கக் கூடாது. இந்த வெயில்ல 'சூட்டு'ன்னா கஸ்டமர் டயர் சூடாயிடுச்சின்னு நெனச்சிக்குவான். 'தோய்தடம்'னா எங்க கடைப் பையன் தயிர்ச் சட்டியத் தேடுவான்.

உண்மையச் சொல்றேன் சார், எங்க கடையில அதுக்குப் பேரே கெடையாது. குனிஞ்சு கைய வச்சுக் காட்டுவோம், 'இந்த எடம் பாருங்க'ன்னு. அவ்ளோதான்.

பாடத்துல ஒண்ணு மறக்காமப் போடுங்க. போன மழைக்கு ரெண்டு கதவு வண்டி ஒண்ணு வந்துச்சி. மாதனூர் தாண்டி பின்பக்கம் இழுத்துக்கினு போயி நடுத்திட்டுல ஏறிடுச்சாம். டயரப் பாத்தா பட்டன் புதுசாட்டம் கீது. ஓனர், 'இன்னாண்ணா, பட்டன்தான் முழுசா கீதே'ன்றாரு. பக்கத்துல தேதியப் பாத்தேன், 2316. 2016ஆம் வருசம் 23ஆவது வாரம். எங்கியோ மலிவா வந்துச்சின்னு வாங்கி மாட்டிக்கினாரு. நகத்தால கீறுனா எறங்கல, ரப்பர் கல்லு. பட்டன் 1.6 மில்லிக்குத் தேய்ஞ்சாதான் மாத்தணும்னு படிச்சவங்கல்லாம் சொல்றாங்க, தேயாமயே சாவுற டயரப் பத்தி யாரும் சொல்றதில்ல. அந்தக் கை அளவு எடம் கல்லாயிட்டா எந்தப் பேரு வச்சா இன்னா?

---

அனுப்பியவர்: யாழ்ப்பாணத்தான், டொரொன்டோ
புதன், இரவு 8.20

எங்கட பௌதிகவியல் பாடத்தில 'தொடுகை' எண்டுதான் படிச்சனாங்கள். தொடுகைப் பரப்பு எண்டால் ஆருக்கும் விளங்கும். நீங்கள் 'டயர்' எண்டு எழுதுறதை நாங்கள் 'ரயர்' எண்டு எழுதுவம், அதையும் ஒருக்கால் தீர்த்து வையுங்கோவன்.

இன்னொரு சங்கடம். இஞ்சை 'கோடை டயர்' எண்டு தனியா ஒரு வகை இருக்கு, குளிர் 7 பாகைக்குக் கீழ போனால் அந்த ரப்பர் இறுகிப் பிடி விட்டிடும். வேலூர்ப் பிள்ளையளுக்கு அதை எப்பிடி விளங்கப்படுத்துவியள்?

---

அனுப்பியவர்: காட்பாடி பயிற்றுநர்
புதன், இரவு 9.00

அண்ணா, எங்கள் ஊரில் மார்கழி விடியலில்கூட 7 பாகைக்கு இறங்காது. ஆண்டு முழுக்கக் கோடை டயர்தான், அக்கினி நட்சத்திரத்தில் மட்டும் அது அடுப்பு டயர். அந்தப் பத்தியை ஒரே வரியாகச் சுருக்கிவிட்டேன். 'காற்று அளவை வண்டி ஓடிச் சூடேறும் முன் பார்க்கவும்' என்பதை மட்டும் தடித்த எழுத்தில் போட்டேன். ரயர் விவகாரம் வேறு இழையில்.

---

அனுப்பியவர்: திருப்பத்தூர் மொழிபெயர்ப்பாளர்
வியாழன், காலை 10.45

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு இலக்கியத்துக்குள் இறங்குகிறார், ஒருவர் கையை வைத்துக் காட்டினால் போதும் என்கிறார். மாணவனுக்குத் தேர்வில் கையை வைத்துக் காட்ட முடியாது ஐயா.

எங்கள் ஏலகிரி ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் புலவர் பெயரும் வள்ளல் பெயரும் எழுதி வைத்திருக்கிறார்கள். போன மாதம் ஒரு வளைவில் டயர் கிறீச்சிட்டபோது, முல்லைக்குத் தேரைக் கொடுத்துவிட்டுப் பாரி எப்படி வீடு போய்ச் சேர்ந்தான் என்றுதான் யோசித்தேன். அந்தக் கிறீச்சு நமக்குப் பழக்கமான ஒரு சொல்லையே கேட்கிறது: உள்ளங்கால். நாம் நிற்பது உள்ளங்காலில், வண்டி நிற்பது இதில். புதிதாக ஒன்றையும் செய்ய வேண்டாம். அது ஒத்துவராது என்றால் 'காலடி'.

---

அனுப்பியவர்: குடியாத்தத்தான், பெங்களூர்
வியாழன், மதியம் 1.10

உள்ளங்கால் அழகாக இருக்கிறது அக்கா, ஆனால் உள்ளங்காலின் நடுவில் ஒரு குழிவு உண்டு, அது தரையைத் தொடாது. காற்றுக் குறைந்த டயர் அப்படித்தான் நிற்கும். நடு லேசாகத் தூக்கிக்கொள்ளும், இரண்டு ஓரமும் தேயும். காற்று மிகுந்தால் நடு மட்டும் தேயும். அதாவது நல்ல டயருக்குத் தட்டைக்கால் வேண்டும்! மருத்துவர் கூடாது என்பதை நான் வேண்டும் என்கிறேன். பாடத்தில் இந்த உவமை இருக்கட்டும், கலைச்சொல்லாக வேண்டாம்.

பாடத்துக்கு இன்னொரு குறிப்பு. அளவு எண்ணுக்குப் பின்னால் '91 ஒய்' என்று இருந்தால், 91 ஒரு டயர் தாங்கும் சுமைக்கான குறியீடு, 615 கிலோ. 'ஒய்' என்பது மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத் தகுதி. பழைய டயரில் இருந்ததைவிடக் குறைந்த குறியீட்டில் வாங்கவே கூடாது. பக்கச்சுவரில் 'என்' எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால் போர்ஷே சோதித்து ஒப்புக்கொண்ட டயர், நட்சத்திரம் இருந்தால் பிஎம்டபிள்யூ. ஓர் அச்சில் இரண்டும் ஒரே டயராக இருக்க வேண்டும்.

---

அனுப்பியவர்: ஆர்க்காட்டுப் புலவர் (பணி ஓய்வு)
வியாழன், மாலை 6.30

சுமைக் குறியீட்டுக்கு 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' என்ற குறளை மேலே போடுங்கள். மயிலிறகே ஆனாலும் அளவு மீறினால் அச்சு முறியும். குறியீடு எதற்கு என்று பிறகு விளக்கவே வேண்டாம்.

அம்மையார் 'காலடி' என்றாரே, அவர் அறிந்து சொன்னாரோ அறியாமல் சொன்னாரோ, அதில் ஒரு புதையல் இருக்கிறது. கால் என்பது உறுப்பு. கால் என்பது சக்கரம். 'கடலோடா கால்வல் நெடுந்தேர்' என்றாரே வள்ளுவர். கால் என்பது காற்று. கால் என்பது நாலில் ஒன்று. வண்டியை நான்கு கால் தாங்க, ஒவ்வொன்றும் ஏறத்தாழக் கால் பங்கு தாங்க, அந்தக் காலுக்குள் கால் அடைத்திருக்க, அதன் அடி காலடி! எந்த மொழியில் இப்படி ஒரு சொல் அமையும்?

இருந்தும் என் வாக்கு தோய்தடத்துக்கே. காலடியைக் கேட்டால் இக்காலத்தார்க்குச் செருப்புதான் நினைவுக்கு வரும்.

---

அனுப்பியவர்: ஆம்பூர் டயர்க்கடை
வியாழன், இரவு 10.05

செருப்பும் எங்க ஊருதான் அய்யா.

---

அனுப்பியவர்: திருப்பத்தூர் மொழிபெயர்ப்பாளர்
வெள்ளி, காலை 9.20

தொல்காப்பியம் 'தடவும் கயவும் நளியும் பெருமை' என்கிறது. பொறியாளர் கை அளவு என்று கணக்குப் போட்டுக் காட்டிய இடத்துக்குப் 'பெரிது' என்று பொருள் தரும் தடத்தை எப்படி வைக்கிறீர்கள்?

---

அனுப்பியவர்: ஆர்க்காட்டுப் புலவர் (பணி ஓய்வு)
வெள்ளி, காலை 9.55

அது 'தட' என்னும் உரிச்சொல். இது 'தடம்' என்னும் பெயர், வழி, சுவடு. வகுப்பில் இருந்திருந்தால் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன். அதோடு அடுத்த நூற்பாவையும் படியுங்கள், 'தடவென் கிளவி கோட்டமும் செய்யும்'. கோட்டம் என்றால் வளைவு. வளைந்த டயருக்கு அதுவும் பொருந்தும்!

---

அனுப்பியவர்: திருப்பத்தூர் மொழிபெயர்ப்பாளர்
வெள்ளி, காலை 10.02

வளைந்தது டயர். தரையில் படிந்த இடம் தட்டை ஐயா. 

---

அனுப்பியவர்: குழும நெறியாளர்
சனி, இரவு 7.00

வேலூரைப் பற்றி முன்பு சொல்வார்கள், தண்ணீர் இல்லாத ஆறு, அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று. சாமி 1981இல் வந்துவிட்டார். இந்தச் சொல்லும் என்றாவது வரும். ஆனால் அச்சகம் திங்கள் காலை கேட்கிறது.

தொடுபரப்பிலிருந்து தலையையும் தோய்தடத்திலிருந்து உடலையும் எடுத்துத் 'தொடுதடம்' என்று வைத்துக்கொள்ளலாம் என்று குடியாத்தத்தார் தனிமடலில் எழுதினார். கேட்டுப் பார்த்ததில் ஆதரவு நான்கு: பயிற்றுநர், குடியாத்தத்தார், யாழ்ப்பாணத்தார் ("தொடுகைத்தடம் எண்டால் இன்னும் நல்லம், ஆனாச் சரி"), டயர்க்கடை ("எதையாச்சும் வைங்க சார், கடையத் தொறக்கணும்"). மொழிபெயர்ப்பாளர் காலடியிலேயே நிற்கிறார். புலவர் ஐயா தோய்தடத்தில். நானும் உள்ளூரத் தோய்தடம்தான், ஆனால் நெறியாளருக்கு வாக்கில்லை.

---

அனுப்பியவர்: காட்பாடி பயிற்றுநர்
புதன், மாலை 5.15

அனைவருக்கும் நன்றி. குறிப்பு அச்சாகி வந்துவிட்டது, அறுபது படி. வகுப்பிலும் நடத்திவிட்டேன். '300 கிலோமீட்டர் வேகத் தகுதி உள்ள டயர் பள்ளிகொண்டா டோல்கேட்டில் என்ன செய்யும்?' என்று கேட்டேன். "பள்ளி கொள்ளும் சார்" என்றான், அதே லேப்டாப் பையன்.

அவனையே கூப்பிட்டுத் தரையில் சாக்பீஸ் பொடி தூவி, வண்டியை ஒரு சாண் நகர்த்தச் சொல்லித் தொடுதடத்தைக் காட்டினேன். சொல்லைக் கேட்டால், "இந்த எடம் சார்" என்று கையை வைக்கிறான்.

இன்னொன்று, எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அச்சுக்கோப்பவர் தாமாகவே ஓர் ஒற்றைச் சேர்த்திருக்கிறார். பதினான்கு இடத்திலும் 'தொடுத்தடம்' என்று வந்திருக்கிறது.

---

அனுப்பியவர்: ஆர்க்காட்டுப் புலவர் (பணி ஓய்வு)
புதன், மாலை 5.21

வினைத்தொகையில் வலி மிகாது! மிகாது! தோய்தடம் என்று வைத்திருந்தால் எவனுக்கும் அங்கே ஒற்றுப் போடக் கை வந்திருக்காது. அறுபது படியையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஆர்க்காட்டுக்கு வாருங்கள் தம்பி, சிவப்பு மையோடு உட்கார்ந்திருக்கிறேன்.