சுமோ பார்த்துக்கொண்டே சாப்பாடு: ஜப்பான் போய் வந்தவர்களின் அனுபவங்கள்

சுமோ பார்க்க ஆசைப்பட்டு டோக்கியோ போகிறவர்கள் பலருக்கும் தெரியாத விஷயம், பெரிய போட்டி வருடத்துக்கு ஆறு தடவைதான் நடக்கிறது. ஜனவரி, மே, செப்டம்பரில் டோக்கியோ, மார்ச்சில் ஒசாகா, ஜூலையில் நகோயா, நவம்பரில் ஃபுகுவோகா. ஒவ்வொன்றும் 15 நாள். நாங்கள் போனது அக்டோபர் கடைசியில். ஊரெல்லாம் சுமோ படம் போட்ட டீ-ஷர்ட் விற்கிறார்கள், ஆனால் சுமோ கிடையாது.

இப்படி இடைப்பட்ட மாதங்களில் வந்து நிற்கிற வெளிநாட்டுக்காரர்களை நம்பித்தான் டோக்கியோவில் அசாகுசா பக்கம் டின்னர் ஷோக்கள் முளைத்திருக்கின்றன. ஓய்வு பெற்ற சுமோ வீரர்கள் மேடையில் மோதுவார்கள், நாம் சுற்றி உட்கார்ந்து சாப்பிடலாம். டிக்கெட் ஆளுக்குப் பத்தாயிரம் யென்னைத் தாண்டும். என் மனைவி புக் பண்ணியபோது எனக்கு அரை மனதுதான். சுற்றுலாக்காரர்களுக்கென்றே செய்கிற எதிலும் பாதி ஏமாற்று இருக்கும் என்பது என் அபிப்பிராயம். கூட வந்த மச்சான் மட்டும் கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிற மாதிரி சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு தயாராக நின்றார்.

உள்ளே ஒரு கூடம். நடுவில் மேடை, அதில் வட்டம். அசல் களம் களிமண்ணை இறுக்கி, வைக்கோல் பிரிகளைப் பதித்துச் செய்வது; குறுக்களவு 4.55 மீட்டர். இங்கே மண் இல்லை, விரிப்புதான். சுற்றிலும் மேசைகள். எங்கள் மேசைக்கு இடப்பக்கம் ஆஸ்திரேலியக் குடும்பம், வலப்பக்கம் பிரேசிலிலிருந்து வந்த நண்பர்கள் கூட்டம். பரிமாறுகிறவர்களைத் தவிர ஜப்பானியர் யாரும் இல்லை. சரி, நினைத்தது சரியாகத்தான் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பாடு சாங்கோ நாபே. கோழித் துண்டு, கோழி உருண்டை, டோஃபு, முட்டைக்கோஸ், காளான் எல்லாம் போட்டு மேசையிலேயே கொதிக்கிற சட்டி. சுமோ வீரர்கள் தங்கிப் பயிற்சி எடுக்கும் கூடங்களில் தினமும் சமைப்பது இதுதான். அவர்கள் காலையில் எதுவும் சாப்பிடுவதில்லை. பயிற்சி முடிந்து, பெரியவர்கள் முதலில் உட்கார, சின்னவர்கள் பரிமாறிவிட்டுக் கடைசியில் மிச்சத்தைச் சாப்பிடுவார்கள். அப்புறம் ஒரு தூக்கம். உடம்பு ஏறாமல் என்ன செய்யும்? போட்டி நாட்களில் ஏன் கோழியை விரும்புவார்கள் என்பதற்குத் தொகுப்பாளர் சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருந்தது. கோழி இரண்டு காலில் நிற்கிறது. மாடும் பன்றியும் நாலு காலில் நிற்கின்றன. சுமோவில் கை தரையைத் தொட்டால் தோற்றுப்போனதாக அர்த்தம். அதனால் கோழிதான் ராசி.

முதலில் இரண்டு பேர் வந்தார்கள். மாவாஷி என்கிற இடுப்புத் துணி மட்டும் கட்டிய வெற்றுடம்பு. தலையில் இருந்த குடுமி விக். ஏனென்றால் ஓய்வு பெறும்போது அசல் குடுமியைச் சடங்கு வைத்து வெட்டிவிடுவார்கள். பெரிய வீரர் என்றால் நூற்றுக்கணக்கான பேர் ஆளுக்கொரு நறுக்கு நறுக்கி, கடைசி வெட்டைக் குரு வெட்டுவார். ஒருவருக்கு விக் கொஞ்சம் சாய்ந்திருந்தது. என் மனைவி சிரிப்பை அடக்கச் சிரமப்பட்டாள்.

பிறகு பயிற்சியைச் செய்து காட்டினார்கள். காலை அகட்டி, ஒரு காலைப் பக்கவாட்டில் தலை உயரத்துக்குத் தூக்கி, மெதுவாக இறக்கி மிதிப்பது ஷிகோ. டிவியில் பார்க்கும்போது இது ஏதோ சடங்கு மாதிரித் தெரியும். பத்தடி தூரத்தில் பார்த்தால்தான் ஒற்றைக் காலில் அந்த எடை ஆடாமல் நிற்பது புரிகிறது. தொடை நரம்பு மட்டும் துடிக்கிறது, மற்றபடி சிலை. இரண்டு கால்களையும் முழுதாக விரித்து உட்கார்ந்து நெஞ்சைத் தரையில் படவைத்ததும் கூடத்தில் எல்லோரும் சாப்பாட்டை விட்டுவிட்டார்கள்.

நடுவில் ஷொக்கிரி என்கிற கோமாளிச் சுமோ. எதையெல்லாம் செய்யக் கூடாது என்று காட்டுவதற்காகவே உள்ள பழைய பாணி. போட்டிகளுக்கு இடையே வீரர்கள் ஊர் ஊராகப் போகும் சுற்றுப்பயணங்களில் அசலாகவே இது உண்டு. வாயில் வைத்த தண்ணீரை எதிராளி மேல் துப்புவது, பின்னாலிருந்து உதைப்பது, நடுவரையும் சேர்த்து அடிப்பது என்று ஒரே கூத்து. குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு இது கொஞ்சம் நீளமாகத்தான் பட்டது.

அப்புறம் நிஜ மோதல். இரண்டு பேரும் கைமுட்டியைத் தரையில் வைத்தார்கள். ஒரு கணம் ஒன்றுமில்லை. அடுத்து கேட்டது ஒரு சத்தம். மார்போடு மார்பு, நெற்றியோடு நெற்றி. எங்கள் மேசையில் தேநீர்க் கோப்பை லேசாக ஆடியது. கூட்டம் கைதட்டக்கூட மறந்துவிட்டது. ஆட்டம் ஐந்தாறு வினாடிதான். தோற்றவர் எழுந்தபோது நெற்றியில் சிவந்த தடம், மூச்சு இரைந்தது. முன்கூட்டியே யார் ஜெயிப்பது என்று பேசி வைத்திருக்கலாம், எனக்குத் தெரியாது. அந்த மோதலைப் பேசி வைக்க முடியாது.

கடைசியில் பார்வையாளர்களைக் கூப்பிட்டார்கள். மச்சான் ஊரில் வாலிபால் விளையாடியவர், தொண்ணூறு கிலோ. காற்றடைத்த சுமோ உடையை மாட்டிவிட்டு, 150 கிலோ மனிதர் ஒருவர் முன் நிறுத்தினார்கள். அவர் மச்சானுடைய கைகளைப் பிடித்துத் தன் மார்பில் எங்கே வைக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். மச்சான் தள்ளினார். தலையைக் குனிந்து தள்ளினார். கால் வழுக்கியதே தவிர அந்த மனிதர் அசையவில்லை. கூடமே "நொகொத்தா, நொகொத்தா" என்று நடுவரோடு சேர்ந்து கத்தியது. அப்புறம் அவரே பாவம் பார்த்து மூன்றடி பின்னால் போய், கோட்டு விளிம்பில் ஒரு தினுசாகத் தள்ளாடிவிட்டு, மச்சானை இடுப்போடு தூக்கி வெளியே இறக்கி வைத்தார். வீடியோ குடும்பக் குழுவில் அன்று ராத்திரியே போய்விட்டது. அத்தைதான் முதலில் பார்த்து, "அந்தத் தம்பிக்கு அடி ஒண்ணும் படலியே?" என்று கேட்டார். தம்பி என்று சொன்னது மச்சானை இல்லை.

படம் எடுக்கும்போது அந்த வீரரிடம் மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துக் கொஞ்சம் பேசினோம். கீழ்ப்பிரிவுகளிலேயே பல வருடம் இருந்து, முழங்கால் போனதால் விலகியவராம். சுமோவில் மொத்தம் அறுநூறு பேர் வாக்கில் இருக்கிறார்கள். மாதச் சம்பளம் என்பது மேல் இரண்டு பிரிவில் உள்ள 70 பேருக்குத்தான். மற்றவர்களுக்குச் சாப்பாடு, தங்கும் இடம், சிறு படி. பதினைந்து வயதில் உள்ளே போய், முப்பதில் வெளியே வந்தால் கையில் வேறு தொழில் இருக்காது. முன்பெல்லாம் சாங்கோ கடை போடுவார்கள், இப்போது இதுவும் ஒரு வழி. விலை அதிகமா என்று கேட்டால், ஆமாம், அதிகம்தான். ஆனால் அந்தக் காசு யாருக்குப் போகிறது என்பதில் எனக்குப் புகார் இல்லை.

* * *

நாங்களும் இதே மாதிரி ஒன்றுக்கு ஒசாகாவில் போனோம். நானும் என் மகளும் சைவம் என்பதால் மேலே சொல்லப்பட்ட கோழிக் கதை எங்களுக்கு உதவாது. ஜப்பானில் சைவத்துக்கு உண்மையான எதிரி கறி இல்லை, தாஷி என்கிற அடிப்படைச் சாறு. காய்கறி மட்டும் மிதக்கிற சாறும் பெரும்பாலும் காய்ந்த மீன் சீவலில் காய்ச்சியதாகத்தான் இருக்கும். அதனால் புக் பண்ணும்போதே "மீன் சாறும் வேண்டாம்" என்று தனியாக எழுதினேன். வெறுமனே வெஜிடேரியன் என்று போட்டால் போதாது. எங்களுக்குக் கடற்பாசிச் சாற்றில் டோஃபு, காளான், நாப்பா கோஸ் போட்டுத் தனிச் சட்டி வந்தது. உப்பு கம்மி, ஆனால் நிம்மதியாகச் சாப்பிட்டோம்.

எனக்கு மறக்காதது வேறு. தொழில்முறைச் சுமோ களத்தில் பெண்கள் கால் வைக்கக் கூடாது. 2018 ஏப்ரலில் கியோத்தோ பக்கம் மைசுரு என்ற ஊரில் நடந்த காட்சிப் போட்டியில், பேசிக்கொண்டிருந்த மேயர் களத்திலேயே மயங்கி விழுந்தார். உதவிக்கு ஓடி ஏறிய பெண்களில் செவிலியரும் இருந்தார். அவர்கள் நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்துகொண்டிருக்கும்போதே, பெண்கள் கீழே இறங்க வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அப்புறம் சுமோ சங்கத் தலைவர் மன்னிப்புக் கேட்டார். விதி மாறவில்லை.

இந்த ஷோவில் இருப்பது பூசை போட்டுப் புனிதப்படுத்திய களம் இல்லை, மேடை. அதனால் யாரும் ஏறலாம். யாருக்கு ஆசை என்று கேட்டபோது என் மகள் கையைத் தூக்கினாள். ஐந்தாம் வகுப்பு, எலும்பும் தோலும். எதிரே நின்ற வீரர் முட்டி போட்டு அவள் உயரத்துக்கு வந்து, முறைப்படி தலை வணங்கினார். அவளும் வணங்கினாள். தள்ளியதும் அவர் மல்லாக்க விழுந்து, கையைக் காலை உதைத்து அழுதார். இவள் திரும்பி வந்து உட்கார்ந்து, "அம்மா, அவர் வேணும்னே விழுந்தார், ஆனா பரவால்ல" என்று சொல்லிவிட்டு டோஃபுவைத் தின்றாள்.

* * *

சுமோ டின்னர் ஷோக்களுக்கு முன்னால் இந்த வகையில் பேர் போனது டோக்கியோ ஷின்ஜுகு கபுகிச்சோவில் இருந்த ரோபோ ரெஸ்டாரன்ட். 2012-இல் திறந்தது. தரைக்குக் கீழே ஒடுக்கமான கூடம், இரண்டு பக்கமும் படிப்படியாக நாற்காலி, நடுவில் இருந்த சந்தில்தான் எல்லாம் நடக்கும். தாளம் தட்டுகிற பெண்கள், லேசர், ராட்சத ரோபோக்கள். ரோபோ ஊர்தி திரும்பும்போது முன்வரிசையில் இருப்பவர்களைப் பின்னால் சாயச் சொல்வார்கள். ரெஸ்டாரன்ட் என்று பெயரே ஒழிய, யாரும் அங்கே பசிக்காகப் போகவில்லை. கண் கூசக் கூசப் பார்த்துவிட்டு வெளியே வந்தால் கபுகிச்சோ விளக்குகளே மங்கலாகத் தெரியும். 2020-இல் கொரோனா வந்து மூடியதோடு அது முடிந்தது. இன்னமும் பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு அதைத் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள், தேட வேண்டாம்.

* * *

முதலில் எழுதியவன்தான் மறுபடியும். அவ்வளவு காசு கொடுக்க முடியாது, வேறு வழி இருக்கிறதா என்று ஒருவர் கேட்டிருந்தார். இருக்கிறது. டோக்கியோ நிஹோம்பாஷி ஹமாச்சோவில் அரஷியோ என்ற சுமோ கூடம் தெருவைப் பார்த்த பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்திருக்கிறது. பயிற்சி நடக்கிற காலைகளில் ஏழரை மணிவாக்கில் போனால் நடைபாதையில் நின்றபடியே இலவசமாகப் பார்க்கலாம். சத்தம் போடக் கூடாது, கண்ணாடியைத் தட்டக் கூடாது, பிளாஷ் கூடாது. வழியை அடைத்து நிற்காதீர்கள், பக்கத்தில் வீடுகள் இருக்கின்றன. ஒசாகா, நகோயா, ஃபுகுவோகா போட்டிக் காலங்களில் எல்லோரும் அந்தந்த ஊருக்குப் போய்விடுவார்கள், கூடம் காலியாக இருக்கும். அதனால் கிளம்புவதற்கு முன்பு பயிற்சி உண்டா என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.