தெருக் குடிநீர்க் குழாயும் சாலையும்: "நமக்கு நாமே" திட்டத்தில் பங்குத்தொகையை எப்படிப் பிரிப்பது?

கேட்பவர்: மூன்றாவது குறுக்குத் தெரு

எங்கள் நகராட்சியில் 64 மனைகள் கொண்ட ஒரு தெருவின் குடியிருப்போர் நலச்சங்கத்துக்கு நான் செயலாளர். சென்ற மாதம் குழாய் உடைப்பைச் சரிசெய்வதற்காகத் தோண்டியபோது வெட்டியெடுத்த வார்ப்பிரும்புக் குழாயின் துண்டு ஒன்று இப்போதும் என் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்று அங்குலக் குழாய்தான். உள்ளே துரு அடை அடையாகப் படிந்து, கட்டைவிரலை விட்டால் இறுக்கிப் பிடிக்கும் அளவுக்குத்தான் துளை இருக்கிறது. தெருவின் கடைசிப் பன்னிரண்டு வீடுகளுக்கு ஏன் தண்ணீர் ஏறுவதில்லை என்பது அன்றுதான் எங்களுக்கு விளங்கியது.

புதிய குழாய்க்கும் தார்ச்சாலைக்குமாகச் சேர்த்து உத்தேசமாக 24 லட்சம் ரூபாய் ஆகும் என்றும், மக்கள் ஒரு பங்கும் மீதியை அரசும் ஏற்கும் "நமக்கு நாமே" திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கான 8 லட்சத்தை நாங்கள் கட்டினால் பணியை எடுத்துக்கொள்ளலாம் என்றும் பொறியாளர் கூறுகிறார். சமமாகப் பிரித்தால் மனைக்கு 12,500 ரூபாய். ஆனால் ஒன்பது மனைகள் காலியாக உள்ளன. அவற்றின் உரிமையாளர்களில் பலர் வெளியூர்க்காரர்கள். பதினொரு வீடுகளில் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். மாடி கட்டியவர் இரு மடங்கு தர வேண்டும் என்று சிலரும், சாலையை முதலில் போட்டுவிட்டுக் குழாயை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று சிலரும் சொல்கிறார்கள். இப்படி ஒரு பணியைச் செய்து முடித்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: ஓய்வுபெற்ற குடிநீர்ப் பொறியாளர்

ஐயா, சாலையை முதலில் போடலாம் என்ற பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். அடுத்த ஆண்டு குழாய்க்காக அதே சாலையை வெட்டி, வெட்டிய இடத்தை ஒட்டுப்போட்டு, முதல் மழையிலேயே அது பள்ளமாவதை நான் பணியில் இருந்த காலத்தில் எத்தனையோ தெருக்களில் பார்த்திருக்கிறேன்.

உங்கள் திண்ணையில் கிடக்கும் துண்டைப் பற்றி ஒரு கணக்கு. குழாயின் உள்விட்டம் பாதியானால் தண்ணீரும் பாதியாகும் என்று பலர் எண்ணுகிறார்கள். அதே அழுத்தத்தில் உண்மையில் வருவது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். அதனால் மோட்டாரை மாற்றுவதோ தொட்டியை உயர்த்துவதோ பயன் தராது; குழாயை மாற்றத்தான் வேண்டும்.

மதிப்பீட்டில் தெருவில் ஓடும் பகிர்மானக் குழாய் மட்டும் இருக்கிறதா, வீட்டு இணைப்புகளைப் புதுக் குழாய்க்கு மாற்றும் செலவும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இது விடுபட்டுப்போனால், பழைய அரை அங்குல இரும்புக் குழாயையே புதுக் குழாயில் மாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். காலி மனைகளுக்கும் இணைப்புக் குழாயை மனை எல்லை வரை இப்போதே இழுத்து, முனையை அடைத்து வைக்கச் சொல்லுங்கள். இல்லையேல் ஒவ்வொருவர் வீடு கட்டும்போதும் உங்கள் சாலைதான் வெட்டுப்படும். பள்ளத்தை மூடும் முன், குழாயில் அழுத்தத்துடன் தண்ணீர் நிரப்பிக் கசிவு பார்க்கும் அழுத்தச் சோதனை நடக்க வேண்டும், அப்போது சங்கத்திலிருந்து ஒருவர் உடனிருக்க வேண்டும். மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி இறுக்கிய பின், ஒரு மழைக்காலம் கழித்துத் தார் போடுவது உத்தமம்.

சாலை போடும்போது பழைய தார்ப் பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய அடுக்கைப் போட வேண்டும் என்று 2021இல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தியிருக்கிறார். இதை வலியுறுத்தாவிட்டால் தெரு உயர்ந்து, மழைநீர் வாசற்படி ஏறும்.

பதில் 2: வரி கட்டுபவன்

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. சொத்து வரி, குடிநீர்க் கட்டணம் இரண்டையும் தவறாமல் கட்டிவிட்டு, நகராட்சி நிர்வாகம் செய்ய வேண்டிய அடிப்படைப் பணிக்கு மறுபடியும் நாம் ஏன் பணம் தர வேண்டும்? மூன்றில் ஒரு பங்கைத் திரட்ட முடிந்த தெருவுக்குச் சாலை முதலில் வரும். தினக்கூலிக்குப் போகிறவர்கள் வாழும் அடுத்த தெரு காத்துக் கிடக்கும். பூங்காவுக்கோ படிப்பகத்துக்கோ இந்தத் திட்டம் பொருந்தும். குடிநீருக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. குறைந்தபட்சம், வார்டு கவுன்சிலர் மூலமாக நகராட்சியின் பொது நிதியில் கேட்டு, எழுத்துபூர்வமான பதிலைப் பெற்ற பிறகு பணம் திரட்டத் தொடங்குங்கள்.

பதில் 3: ஆலந்தூர்வாசி

மேலே நண்பர் கூறிய நியாயத்தை மறுக்கவில்லை. ஆனால் ஆலந்தூரில் 1990களின் பிற்பகுதியில் பாதாளச் சாக்கடைத் திட்டம் வந்தபோது வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை கேட்டார்கள். அன்றைக்கு அது சிறிய தொகை அல்ல. எங்கள் வீட்டிலேயே அதற்காக வாக்குவாதம் நடந்தது. குடியிருப்போர் சங்கங்கள் தெருத் தெருவாகக் கூட்டம் போட்டு விளக்கியதால்தான் பணம் சேர்ந்தது.

பிரிக்கும் முறையைப் பற்றி: குழாய்க்கும் சாலைக்கும் தனித்தனிக் கணக்கு வையுங்கள். குழாய்ப் பங்கை இணைப்பின் எண்ணிக்கைப்படியும், சாலைப் பங்கை மனைக்கு ஒன்றாகச் சமமாகவும் பிரித்தால் மாடி வீட்டுச் சண்டை பெரும்பாலும் அடங்கும். மனை எல்லைக்கு இணைப்பு வருகிறது என்றால் வெளியூர் உரிமையாளரும் தயங்காமல் தருவார், ஏனெனில் மனையின் மதிப்பு உயருகிறது. வாடகைக்கு இருப்பவரிடம் கேட்காதீர்கள். அது வீட்டுக்காரரின் பொறுப்பு. ரொக்கமாக ஒரு ரூபாய்கூட வாங்க வேண்டாம். சங்கத்தின் வங்கிக் கணக்கில் சேர்த்து, ஆணையர் பெயருக்கு வரைவோலையாகக் கட்டுங்கள். அதுவும், உத்தேசத் தொகையை நம்பியல்ல, கையெழுத்தான மதிப்பீட்டின் நகல் கைக்கு வந்த பிறகு.

கேட்பவர்: மூன்றாவது குறுக்குத் தெரு

அனைவருக்கும் நன்றி. இன்று மதிப்பீட்டு வரைவைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பொறியாளர் ஐயா ஐயப்பட்டது போலவே வீட்டு இணைப்புகளை மாற்றும் செலவு அதில் இல்லை. அதைச் சேர்த்துத் திருத்தித் தரும்படியும், பொது நிதியில் செய்ய இயலுமா என்பதற்குப் பதில் தரும்படியும் ஒரே மனுவாக எழுதி, ஆணையர் அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு பெற்றுள்ளேன். ஞாயிறு கூட்டத்துக்கு அந்தக் குழாய்த் துண்டையும் எடுத்துச் செல்கிறேன்.